கரைசற் கணக்கும் மலைநாட்டு மாணவரும்

ஜூபிலி மலருக்குக் கட்டுரை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பெருங் காரியங்களையே பொருளாகக் கொள்வர். கல்லூரியின் வளர்ச்சி, அதிபர்களின் தொண்டு, சைவமும் தமிழும் அடைந்த மேன்மை என்பன அவ்வாறு கொள்ளத்தக்கனவே. நானோ ஒரு சிறு பொருளைப் பற்றிச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். உப்பு நீர் எந்த வெப்பநிலையில் உறையும், சர்க்கரைப் பாகு எந்த வெப்பநிலையிற் கொதிக்கும் என்று கேட்கின்ற இரசாயனக் கணக்குகளே அப்பொருள். இக்கணக்குகளை நாம் கற்பிக்கும் முறை பிழையானது. அப்பிழையின் சுமை நகர்ப்புறப் பிள்ளைகளைக் காட்டிலும் மலைநாட்டுத் தோட்டப் பிள்ளைகளின் தலையிலேயே மிகுதியாக விழுகின்றது. அதனைத் திருத்த நம் பழைய மாணவர் சங்கத்தால் இயலும். இம்மூன்றுமே என் கருத்து. கணக்கென்றதும் பக்கத்தைப் புரட்டிவிட எண்ணும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருளுவார்களாக.

நம் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று வெளியேறிய பின்னர் நான் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு ஊவா மாகாணத்துக்குச் சென்றேன். சில ஆண்டுகள் பெரகலவில் வாழ்ந்தேன். பெரகலவை அறியாதார்க்கு இரண்டொரு சொல். கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் நெடுவீதி, மத்திய மலைகளின் தென்சரிவிலே ஹல்துமுல்லையைக் கடந்து வந்து, இங்கே ஒரு சந்தியைக் காண்கின்றது. ஒரு கிளை வளைந்து வளைந்து மேலேறி ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளைப் பக்கம் போகின்றது. மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயச் சமவெளிக்கு இறங்குகின்றது. ஒரு நாழிகை வெயில் எரிக்கும். மறு நாழிகை மூடுபனி வந்து எதிரே நிற்பவரின் முகத்தை மறைக்கும். வானம் தெளிந்த நாளில் ஹப்புத்தளை முகட்டில் ஏறி நின்றால், கீழே விரிந்த சமவெளிக்கு அப்பால் தென்கடலோரம் வரையிற் பார்வை செல்லும். அக்கரையில் அம்பாந்தோட்டை உப்பளங்கள் இருக்கின்றன. அவ்வுப்பே என் கதைக்கும் காரணமாயிற்று.

சுற்றுப்புறத் தோட்டங்களிலிருந்து பண்டாரவளைக்கும் பதுளைக்கும் சென்று உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயின்ற மாணவர் சிலர் அக்காலத்தில் இருந்தனர். தமிழ் மொழியில் அவ்வகுப்பை நடத்திய பாடசாலைகள் ஊவாவில் மிகச் சிலவே. கிழமை நாட்களில் உறவினர் வீடுகளில் ஒதுங்கியிருந்து, சனிக்கிழமையில் லயத்துக்குத் திரும்பும் அப்பிள்ளைகளுக்கு நான் ஊதியமின்றி வகுப்பு நடத்தி வந்தேன். வருவோர் ஏழெட்டுப் பேர். தாய் கொழுந்து பறிப்பவள், தந்தை கவ்வாத்து வெட்டுபவர், வீட்டிலே மேசையில்லை, புத்தகம் இருவருக்கு ஒன்று. அவர்களை எப்பாடு பட்டாயினும் பரீட்சையில் தேறச்செய்ய வேண்டுமென்பதே என் ஒரே எண்ணமாயிருந்தது. அந்நல்லெண்ணத்தினாலேயே நான் பிழை செய்தேன்.

கணக்கின் உட்பொருளை முதலிற் சொல்லிவிடுகிறேன். தூய நீரிலே ஆவியாகாத பொருளொன்றைக் கரைத்தால் நான்கு மாற்றங்கள் நிகழ்கின்றன. நீரின் ஆவியமுக்கம் குறைகின்றது. அதன் விளைவாகக் கொதிநிலை உயர்கின்றது, உறைநிலை தாழ்கின்றது. நீரை மட்டும் ஊடுபுகவிடும் மென்சவ்வொன்றை இடையில் வைத்தால், தூய நீர் கரைசலை நாடிச் செல்கின்றது. அச்செலவைத் தடுத்து நிறுத்த வேண்டிய அமுக்கமே பிரசாரண அமுக்கம். உறைநிலை கரைபொருளின் அளவுக்கேற்பத் தாழ்கின்றதென்பதைப் பிளாக்டன் என்னும் ஆங்கிலேயர் 1788ஆம் ஆண்டிலேயே கண்டார். 1880களில் பிரான்சிய அறிஞர் இரவூல் பற்பல கரைசல்களை அளந்து அதனை விதியாக்கினார். ஒல்லாந்தரான வான்ற் ஹொவ் பிரசாரண அமுக்கத்தின் விதியை நிறுவினார். 1901ஆம் ஆண்டில் இரசாயனத்துக்கென வழங்கப்பட்ட முதலாவது நோபெற் பரிசு அவருக்கே கிடைத்தது.

இவ்வறிஞர்கள் கண்ட வியப்பு யாதெனில், ஐதான கரைசலில் இந்நான்கு மாற்றங்களும் கரைந்த பொருள் எது என்று கேட்பதில்லை. கரைந்த துணிக்கைகள் எத்தனை என்று மட்டுமே கேட்கின்றன. ஒரு கிலோகிராம் நீரிற் 6 கிராம் யூரியாவைக் கரைத்தால் உறைநிலை ஏறத்தாழ 0.186 பாகை தாழும். குளுக்கோசாயின் அதே தாழ்வுக்கு 18 கிராம் வேண்டும். நாம் தேநீரில் இடும் சர்க்கரையாயின் 34.2 கிராம் வேண்டும். நிறை வேறு, துணிக்கைகளின் எண்ணிக்கை ஒன்று. ஆதலின் விளைவும் ஒன்று. தேர்தலிற் செல்வனுக்கும் வறியவனுக்கும் ஒவ்வொரு வாக்கே என்பதுபோல, இங்கே பெரிய மூலக்கூற்றுக்கும் சிறிய அயனுக்கும் ஒரே மதிப்பு. ஒசுவால்டு இவற்றுக்கு இட்ட பெயரைத் தமிழில் தொகைசார் இயல்புகள் என்கின்றோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் எண்ணிக்கைக்குப் புறத்தே நிறுத்தப்பட்ட மக்களின் வழிவந்த பிள்ளைகளுக்கு, எண்ணப்படுதல் என்பதன் அருமையை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இத்துணை எளிய உண்மையை நான் எவ்வாறு கற்பித்தேன்? கரும்பலகையில் ஒரு சூத்திரத்தை எழுதினேன். இவ்வெழுத்துக்கு இவ்வெண், அவ்வெழுத்துக்கு அவ்வெண் என்று காட்டினேன். இருபது கணக்குகளைச் செய்வித்தேன். இருபதும் சரியாக வந்தன. பிள்ளைகளும் மகிழ்ந்தனர், நானும் மகிழ்ந்தேன்.

ஒருநாள் சந்தியில் மீன் லொறியொன்று நின்றது. தென்கரையிலிருந்து வெல்லவாய வழியாக ஏறிவந்த அவ்வண்டியிலிருந்து மாணவனொருவன் ஒரு வாளி பனிக்கட்டியை இரந்து பெற்று வந்தான். பாடசாலையொன்றிலிருந்து இரவலாகப் பெற்ற வெப்பமானியும் சோதனைக் குழாயும் என்னிடம் இருந்தன. சரி, ஒருமுறை செய்து பார்ப்போம் என்றேன். 100 கிராம் நீரிற் 5.85 கிராம் உப்பைக் கரைத்தோம். அக்கரைசலிற் சிறிதைக் குழாயில் எடுத்து, பனிக்கட்டியும் உப்பும் கலந்த வாளியினுள் இறக்கிக் கம்பியாற் கலக்கிக்கொண்டேயிருந்தோம். முதற் பளிங்குகள் தோன்றிக் கரையாது நின்றபோது வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே மூன்றரைப் பாகையைக் காட்டிற்று. இதிலிருந்து உப்பின் மூலர்த் திணிவைக் கணித்துக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை எட்டுக் கொப்பிகளிலும் 58.5 என்ற விடை இருந்தது. எட்டுப் பேரும் தம் நூலிலுள்ள விடைக்குப் பொருந்துமாறு வெப்பமானியின் அளவீட்டைத் திருத்தியிருந்தனர். பனிக்கட்டி கொணர்ந்த மாணவனின் கொப்பியில் மட்டும் 31 என்று முதலில் எழுதி, அதன்மேற் கோடிட்டுப் பின்னர் 58.5 என்று எழுதப்பட்டிருந்தது. ஏன் வெட்டினாய் என்று கேட்டேன். பிழையென்று நினைத்து வெட்டியதாகச் சொன்னான். சற்றுத் தயங்கிவிட்டு, "சேர், வெப்பமானி பொய் சொல்லுமா?" என்று கேட்டான். பரீட்சையில் 58.5 என்று எழுதினாற்றான் புள்ளி கிடைக்கும் என்று விடை கூறி, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

வெப்பமானி பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் நானே. உப்பு நீரிற் கரையும்போது சோடியம் அயன் என்றும் குளோரைட்டு அயன் என்றும் இரண்டாகப் பிரிகின்றது. ஒன்றென எண்ணி இட்ட துணிக்கை இரண்டாகிவிட்டமையால் உறைநிலைத் தாழ்வும் ஏறத்தாழ இருமடங்காகின்றது. அதனாற் கணித்துப் பெறும் திணிவு ஏறத்தாழ அரைவாசியாகின்றது. சரியாக அரைவாசியான 29.25 ஏன் வரவில்லை? எதிரெதிர் ஏற்றங்கொண்ட அயன்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால், செறிவு மிகுந்த கரைசலில் அவை முற்றுஞ் சுதந்திரமாக இயங்குவதில்லை. நுண்ணிய கருவிகளால் அளந்தாலும் அச்செறிவிற் கிடைப்பது 32ஐ ஒட்டிய எண்ணே. கரைசலை ஐதாக்க ஐதாக்க அவ்வெண் 29ஐ நோக்கி இறங்கும். லயத்துப் பிள்ளையொருவன் இரவல் வெப்பமானியாற் பெற்ற 31 என்னும் எண், இயற்கை தன் வாயாற் சொன்ன விடை. அதனை அவன் வெட்டும்படி செய்தது என் கற்பித்தல்.

இதே விடயத்தில் பெரியதொரு பல்கலைக்கழகமும் இடறியிருக்கின்றது. 1884ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு உப்சாலாவிலே ஆரேனியசு என்னும் இளைஞர், கரைசல்கள் மின்னைக் கடத்துவது பற்றிய தம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பரீட்சகர்கள் அதனை மிகத் தாழ்ந்த தரத்தில் வைத்தனர். கொதிக்காமலும் மின்னேற்றாமலும் சும்மா நீரிலிட்ட உப்பு எவ்வாறு தானே பிரியும் என்பதே அக்காலத்தாரின் ஐயம். வான்ற் ஹொவின் விதிக்கு உப்புக் கரைசல்கள் மட்டும் அடங்காது, எதிர்பார்த்ததைப் போல் ஏறக்குறைய இருமடங்கும் மும்மடங்கும் விளைவு காட்டியபோது, அதற்குக் காரணம் அயன்களாகப் பிரிகையே என்று 1887இல் ஆரேனியசு விளக்கினார். 1903ஆம் ஆண்டில் அவருக்கு நோபெற் பரிசு கிடைத்தது. பொருந்தாத எண்ணை வெட்டியெறியாமல் வைத்துக்கொண்டு, ஏன் பொருந்தவில்லை என்று வினவியதே அவர் செய்த காரியம். என் மாணவன் அவ்வினாவைக் கேட்டான், நான் வாயடைத்துவிட்டேன். ஓராண்டு கழித்து அவன் படிப்பை விட்டுக் கொழும்பிலே கடையொன்றில் வேலைக்கமர்ந்தான். என் பிழையே அதற்குக் காரணமென்று சொல்லுதல் மிகையாகும், வறுமையே காரணம். எனினும், படிப்பு அவனைப் பிடித்து நிறுத்தத்தக்க சுவையுடையதாயிருந்திருக்கலாமே என்னும் எண்ணம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

அன்று தொட்டு இக்கணக்குகளைக் கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். சூத்திரத்தைப் பின்னுக்குத் தள்ளி, ஐந்து வினாக்களை முன்னுக்கு வைத்தேன். முதலாவது, கரைப்பான் எது, அதன் திணிவு எவ்வளவு? 100 கிராம் குளுக்கோசுக் கரைசலிற் 10 கிராம் குளுக்கோசு உண்டெனின், நீர் 90 கிராம் மட்டுமே. 90ஐக் கொண்டு கணித்தால் உறைநிலைத் தாழ்வு 1.15 பாகை, கவனமின்றி 100ஐக் கொண்டாற் 1.03 பாகை. மாணவர் இழக்கும் புள்ளிகளிற் பெரும்பகுதி இவ்விடத்திலேயே போகின்றது. இரண்டாவது, கரைந்தது எத்தனை மூல்? மூன்றாவது, ஒவ்வொன்றும் நீரினுள் எத்தனை துணிக்கையாகின்றது? சர்க்கரை ஒன்று, உப்பு இரண்டு, கல்சியங் குளோரைட்டு மூன்று. சில வேளைகளில் எண்ணிக்கை குறைவதும் உண்டு: பென்சோயிக்கமிலம் பென்சீனிற் கரையும்போது இரண்டிரண்டு மூலக்கூறுகள் கைகோத்துக்கொள்வதால், 122 ஆக வேண்டிய திணிவு 244ஐ ஒட்டி வருகின்றது. நான்காவது, மாற்றம் எத்திசையில்? ஐந்தாவது, வந்த விடை உலகத்தோடு ஒத்துப்போகின்றதா? இவ்வைந்துக்கும் விடை கண்டவனுக்குச் சூத்திரம் தானே வந்து சேரும். சூத்திரத்தை மட்டும் அறிந்தவனோ மூன்றாம் வினாவில் வழுக்கி விழுவான். ஐந்தாம் வினாவை அவன் எக்காலத்தும் கேட்கமாட்டான்.

ஐந்தாம் வினாவைக் கேட்பதற்கு மலைநாட்டைப் போன்ற இடம் வேறில்லை. நம் பாடநூற் கணக்குகளெல்லாம் கடல் மட்டத்தில் இருந்து எழுதப்பட்டவை. ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்திலுள்ள ஹப்புத்தளையிலே காற்றமுக்கம் குறைவாதலின் நீர் 95 பாகையளவிலேயே கொதிக்கின்றது. அங்கே பருப்பு வேகச் சுணங்குமென்பது ஒவ்வொரு வீட்டிலும் அறிந்த செய்தி. உப்பிட்டால் நீர் சூடேறி விரைவில் வேகும் என்று சிலர் சொல்வர். உண்மைதானா என்று கணித்துப் பார்க்கும்படி மாணவரிடம் சொன்னேன். ஒரு கிலோகிராம் நீரில் 10 கிராம் உப்பிட்டால் கொதிநிலை ஐந்திலொரு பாகை தானும் உயர்வதில்லை. இழந்த 5 பாகையையும் உப்பினால் மீட்க வேண்டுமெனின், சூத்திரத்தின்படி ஏறத்தாழ 285 கிராம் உப்பு வேண்டும். கடல் நீரிலுள்ள உப்பின் எட்டு மடங்கு அது! வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால் அச்சிரிப்போடு ஆவியமுக்கம், கொதிநிலை, துணிக்கை எண்ணிக்கை ஆகிய மூன்றும் அவர்கள் உள்ளத்திற் பதிந்துவிட்டன.

தோட்டத்திலே வேறு எடுத்துக்காட்டுகளும் உள. மழைக்காலத்தில் மலையில் நிற்கும் கொழுந்துப் பெண்களின் கால்களை அட்டை பற்றும். அவர்கள் உப்பையோ சுண்ணாம்பையோ சவர்க்காரத்தையோ பூசிக்கொள்வர். உப்புப் பட்ட அட்டை சுருண்டு விழுவதேன்? அதன் உடற்றிரவத்தைக் காட்டிலும் புறத்தே துணிக்கைகள் பன்மடங்காகிவிட, உள்ளிருக்கும் நீர் தோலினூடாக வெளியேறிவிடுகின்றது. பிரசாரணம் என்னும் சொல்லைக் கேளாத பாட்டியும் அதன் செயலை அறிந்திருக்கின்றாள். ஈரமான இளந்துளிர்மேல் உரம் சிந்தினால் இலை கருகுவதும் இவ்வழியே. இங்கே ஓர் அழகிய கணக்கு உண்டு. 100 கிராம் யூரியாவில் 1.67 மூல் இருக்கின்றது. 100 கிராம் அமோனியம் சல்பேற்றில் 0.76 மூல் மட்டுமே. மூலை மட்டும் எண்ணியவன் யூரியாவே வலிது என்பான். ஆனால் அமோனியம் சல்பேற்று நீரில் மூன்றாகப் பிரிவதால் 2.27 மூல் துணிக்கைகளாகி முந்திவிடுகின்றது. பெரகலவிலிருந்து கீழே இறங்கி மொனராகலை மாவட்டத்துக்குச் சென்றால் பெல்வத்தையிலும் செவனகலையிலும் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கருப்பஞ்சாறு வற்ற வற்ற அதன் கொதிநிலை, அதே அமுக்கத்தில் நீர் கொதிக்கும் வெப்பநிலையைக் காட்டிலும் உயர்ந்துகொண்டே போகும். அவ்வுயர்வைக் கொண்டு பாகின் பதத்தை மதிப்பிடுதல் சர்க்கரைத் தொழிலாளர் அறிந்த வழக்கம். கித்துள் பாணி காய்ச்சுபவர் கண்ணாலும் விரலாலும் அறியும் பதத்தையே அங்கே வெப்பமானி அறிவிக்கின்றது.

இவையெல்லாம் சுவைக்காகச் சொல்லும் கதைகள் என்று யாரேனும் எண்ணலாம். அவர்கள் மனங்கொள்ளும்படி உயிர்காக்கும் கணக்கொன்றைச் சொல்கிறேன். வயிற்றோட்டத்தால் நீரிழந்த குழந்தைக்குக் கொடுக்கும் பொதியை நம் நாட்டு மக்கள் 'ஜீவனி' என்ற பெயரால் அறிவர். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2002ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட வாய்ப்பாட்டின்படி, ஒரு லீற்றர் நீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொற்றாசியங் குளோரைட்டு 1.5 கிராம், சோடியஞ் சித்திரேற்று 2.9 கிராம். இவற்றின் துணிக்கைகளை எண்ணுவோம். உப்பு இரண்டாகப் பிரிந்து 89 மில்லிமூல். குளுக்கோசு பிரியாமல் 75. பொற்றாசியங் குளோரைட்டு இரண்டாகி 40. சித்திரேற்று நான்காகி 40. கூட்டினால் 244. அந்நிறுவனங்கள் முழு எண்களாக்கி வெளியிட்ட தொகை 245. குருதிநீரின் தொகையோ ஏறத்தாழ 290. குடலினுள் இருக்கும் கரைசல் குருதியைக் காட்டிலும் ஐதாக இருப்பதால், குளுக்கோசும் சோடியமும் குடற்சுவரினூடாக உட்செல்லும்போது நீரும் எளிதில் உட்செல்கின்றது. முன்னைய வாய்ப்பாட்டின் தொகை 311 ஆக இருந்தது. அதனைக் குறைத்தபோது வாந்தியும் மலப்போக்கும் குறைந்தன. நாளத்தில் மருந்துநீர் ஏற்றும் தேவையும் குறைந்தது. மருத்துவ உலகைத் திருத்திய இம்மாற்றத்தின் உள்ளே இருப்பது மூன்றாம் வினாவேயன்றி வேறில்லை.

இனி, ஒரு லீற்றருக்கென அமைந்த பொதியைத் தாயொருத்தி அரை லீற்றரிற் கரைத்துக் கொடுக்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். செறிவாக இருந்தால் நன்மையும் மிகும் என்பது அவளுடைய அன்பின் கணக்கு. ஆனால் தொகை 490 ஆகிவிடுகின்றது. குருதியைக் காட்டிலும் மிகுந்துவிட்டது. நீர் உட்செல்வதற்கு மாறாகக் குருதியிலிருந்து குடலுக்குள் இழுக்கப்படுகின்றது. உடலில் உப்பும் மிகுகின்றது. காக்க வந்த மருந்தே கேடாகின்றது. இக்கரைசலின் வலிமையை உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர் வங்காளத்து வைத்தியர் திலீப் மகாலனபிசு. 1971ஆம் ஆண்டில் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் வெள்ளமெனப் பெருகிவந்த பொங்கான் முகாமில், நாளத்தில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோன நிலையில், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை உறவினரின் கையாலேயே நோயாளருக்குக் குடிப்பிக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த இறப்பு நூற்றுக்கு நான்கிற்கும் கீழே இறங்கியது. 2022ஆம் ஆண்டிற் காலஞ்சென்ற அப்பெரியாரின் மருந்து, அளந்து நிறுத்த உப்பும் சர்க்கரையும் நீருமே. லயத்து அறையொன்றில் வயிற்றோட்டம் கண்ட தம்பிக்கு அம்மா பொதியைக் கரைக்கும்போது, அருகிருந்து, "அம்மா, முழு லீற்றர் தண்ணீர் வேணும்" என்று காரணத்தோடு சொல்லத்தக்க பிள்ளையை உருவாக்குதலினும் இரசாயன ஆசிரியனுக்கு உயர்ந்த பயன் யாது?

இங்கே எதிர்வாதமொன்று எழும். அது அறிவற்ற வாதமன்று. வசதியுள்ள பிள்ளைக்கு விளக்கம் கொடுக்கலாம்; தோட்டப் பிள்ளைக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு வாய்ப்புத்தான் உண்டு; அவனுக்கு முதலில் வேண்டுவது புள்ளி; பரீட்சை மண்டபத்தில் அவன் எண்களைச் சூத்திரத்தில் இட்டு விரைந்து விடை காண வேண்டும்; தத்துவத்தைப் பின்னர்க் கற்கலாம் என்பர். பல ஆண்டுகள் நானும் அவ்வாறே வாதித்தவன். அவ்வாதத்தில் இரக்கம் இருக்கின்றது. ஆனால் உண்மை இல்லை. மனனஞ் செய்த இருபது கணக்குகளுக்குப் புறத்தே இருபத்தோராவது கணக்கு வந்தால், அதனைச் செய்யத் தனிவகுப்புக்குச் செல்ல நகர்ப்புறப் பிள்ளைக்குப் பணம் உண்டு. தோட்டப் பிள்ளைக்கு அவனுடைய விளக்கமே பணம். பயிற்சி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. விரைவு பயிற்சியால் வருவதே. விளங்கிக்கொண்ட பின் செய்யும் பயிற்சி நிலைக்கின்றது. விளங்காமற் செய்த பயிற்சி மண்டபத்தின் வாயிலோடு கழன்றுவிடுகின்றது. முறையை மாற்றிய பின் என்னிடம் பயின்றோர் அனைவரும் பல்கலைக்கழகம் புகுந்தனர் என்று பெருமை பேச எனக்கு இயலாது. வெப்பமானி காட்டிய எண்ணை எவரும் வெட்டவில்லை என்று மட்டும் சொல்வேன்.

வேறு சிலர் மொழியின்மேற் குறை சொல்வர். இத்தகைய நுண்பொருள் தமிழில் விளங்காது என்பர். நம் யாழ்ப்பாணத்து வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு பேசத் துணியார். மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க வைத்தியர் கிறீனின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875ஆம் ஆண்டிலே தமிழில் அச்சேறியது. இரவூலின் விதி அப்பொழுது பிறக்கவில்லை. ஆரேனியசு பாடசாலைச் சிறுவன். விதி பிறக்குமுன்பே இரசாயனத்தை ஏந்தத் தமிழ் ஆயத்தமாகிவிட்டது. குறை மொழியிலில்லை. பூட்டிய அலுமாரியினுள்ளே வெப்பமானி கிடக்க, கரும்பலகையில் மட்டும் வெப்பநிலை ஏறி இறங்குவதே குறை.

பதுளையிலே 2005ஆம் ஆண்டில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தோன்றியது. தேயிலை விளையும் மாகாணத்திலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கின்றது என்பது பெருமைக்குரியது. ஆயின் அம்மலையிற் கொழுந்து பறிப்பவளின் பிள்ளை விஞ்ஞானம் பயில அதன் வாயிலுட் புகவேண்டுமாயின், இடையிலே இரசாயனம் என்னும் படி இருக்கின்றது. அப்படியிற் கால்வைக்கக் கைகொடுப்பது எவர் கடன்?

நம் கடன் என்பதே என் விடை. ஜூபிலி ஆண்டிலே நினைவுச்சின்னம் ஒன்றை எழுப்ப எண்ணுவது எச்சங்கத்துக்கும் இயல்பு. தோரணவாயிலும் மணிக்கூட்டுக் கோபுரமும் அழகியவையே. அவற்றோடு ஒரு சிறு பெட்டியையும் எண்ணிப் பார்க்குமாறு அங்கத்தவர்களை வேண்டுகிறேன். பத்திலொரு பாகையை வாசிக்கத்தக்க வெப்பமானி இரண்டு, கிராமில் நூறிலொரு பங்கை நிறுக்கத்தக்க தராசு ஒன்று, சோதனைக் குழாய்கள், கலக்குவதற்குக் கம்பி, பனிக்கட்டி கொண்டுசெல்லச் சுடுநீர்ப் போத்தல் ஒன்று, உப்பு, சர்க்கரை, யூரியா. இவ்வளவே. ஒவ்வோர் ஆண்டு அணியினரும் ஒவ்வொரு பெட்டியை மலைநாட்டுப் பாடசாலையொன்றுக்கு அனுப்புவார்களாக. பெட்டியை மட்டும் அனுப்பினால் அது மற்றோர் அலுமாரியிற் பூட்டப்படும். ஆதலின் நம்மிடையே வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆசிரியராகவும் உள்ளோர் ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமையை அப்பெட்டியோடு கழிப்பார்களாக. ஜீவனிப் பொதியின் கணக்கை ஒரு வைத்தியர் தம் வாயாற் சொல்லும்போது, அது பாடநூலின் கடைசிப் பக்கத்துக் கணக்காக இராது.

மேலிருந்து கீழே இரங்கிக் கொடுக்கும் தருமமாக இதனை எவரும் கொள்ளலாகாது. நம் கல்லூரிப் பட்டதாரிகள் பலர் மலைநாட்டுப் பாடசாலைகளிலே முதற் சம்பளம் பெற்றவர்கள். நம் இல்லங்களிற் காலையிற் கொதிக்கும் தேநீர் அம்மலையிலிருந்து வந்தது. பெற்றதைத் திருப்பிக் கொடுப்பது தருமமன்று; கணக்குத் தீர்த்தல்.

அண்மையில் மீண்டும் பெரகலவுக்குச் சென்றிருந்தேன். சந்தியிலே மூடுபனி முன்போலவே இறங்கிக்கொண்டிருந்தது. நான் வகுப்பு நடத்திய அறை இப்பொழுது கடையாகிவிட்டது. அங்கே நின்று தேநீர் அருந்தும்போது, கோடிட்டு வெட்டப்பட்ட அந்த 31 என் கண்முன் வந்தது. அம்மாணவனை இனிக் காண்பேனோ அறியேன். கண்டால் அவன் கேட்ட வினாவுக்குச் சரியான விடையைச் சொல்வேன்: வெப்பமானி பொய் சொல்லவில்லை, தம்பி, உன் கணக்குச் சரி. அவனுக்குப் பின் வருவோர்க்கேனும் அவ்விடை உரிய காலத்திற் கிடைக்குமாறு செய்வது, ஜூபிலி காணும் நம் சங்கத்தின் கையில் இருக்கின்றது.